செங்கோடன் தவளையான கதை

மண்டையம்பாளையத்தில் யாரும் காலண்டர் வாங்குவதில்லை. குளத்தை எட்டிப் பார்த்தால் போதும். தண்ணீர் நீலமாக இருந்தால் திங்கள், ரோஸ் என்றால் புதன், பச்சை என்றால் ஞாயிறு. மேற்கே இருக்கிற சாயப்பட்டறைக்காரன் எந்தச் சாயத்தைத் திறந்துவிடுகிறானோ அதுதான் அன்றைய கிழமை. ஒருமுறை பட்டறைக்கு லீவு விட்டபோது அந்த ஊரில் கிழமையே பிறக்கவில்லை. வாரச் சந்தைகூடக் கூடவில்லை.

இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்தவன்தான் செங்கோடன். பெண் பார்த்துப் பார்த்தே செருப்பைத் தேய்த்தவன். கடைசியில் ஒருவழியாக சிந்தாமணி என்ற பெண் அமைந்தாள். அவளுடைய தாய்மாமன் அத்தப்பன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங் மாப்ள, உங்கூர்ல தண்ணி எப்படிங்?"

"கலர் கலரா வருமுங் மாமா!" என்றான் செங்கோடன் பெருமையாக.

"கலரு கெடக்குது. தவளை கத்துதா? தவளை தோல்லயே தண்ணி குடிக்கிற சீவன். தண்ணி கெட்டா மொதல்ல காணாமப் போறது அதுதான். ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். தவளை கத்துனா பொண்ணு. கத்தலீனா வந்த வழியே போயிருவேன்."

அந்தக் குளத்தில் தவளை கத்தி எத்தனையோ வருஷமாயிற்று. செங்கோடன் ஓடினான் ஊர்த் தலைவர் ராக்கியண்ணனிடம். ரேஷன் கடை வாசலில் ஊரே கூடியது.

ராக்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "தவளை இருந்தா தண்ணி நல்லா இருக்குமாம். அப்பத் தண்ணியச் சுத்தம் பண்ணுனதே தவளைதான்னு ஆகுது. சொல்லாம கொள்ளாம வேலைய உட்டுட்டுப் போயிருக்குது, நன்றி கெட்ட கழுத!"

"திரும்பி வரச் சொல்லி நோட்டீஸ் ஒட்டலாமுங்களா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"தவளைக்குப் படிக்கத் தெரியுமாடா? படிச்சிருந்தா சாயப்பட்டறையில வேலைக்குச் சேந்திருக்குமல்ல!"

நாச்சிமுத்து என்ற ஒருவன் மெதுவாக எழுந்தான். "பேசாம அந்தச் சாய வாய்க்கால அடைச்சுட்டா என்னங்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "நாம தவளையப் பத்திப் பேசறோம், இவன் வாய்க்காலுக்குப் போறான் பாரு! வாய்க்கால அடைச்சா நாளைக்கு என்ன கிழமைன்னு எவன் சொல்லுவான்?"

நாச்சிமுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

பக்கத்து ஊர் வயலில் சாக்கு நிறையத் தவளை பிடித்து வந்து குளத்தில் கொட்டினார்கள். கொட்டிய வேகத்திலேயே அத்தனையும் கரையேறின. ஒன்றன்பின் ஒன்றாகத் தார் ரோட்டைப் பிடித்து வந்த ஊருக்கே தாவிப் போயின.

ராக்கியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நீச்சல் தெரியாத தவளையாப் பொறுக்கிட்டு வந்திருக்கறீங்களே!"

"அப்ப நீச்சல் தெரிஞ்ச நாமளே எறங்கிக் கத்திரலாமுங்," என்றான் நாச்சிமுத்து. முந்திச் சொன்ன யோசனைக்கு இது எவ்வளவோ பரவாயில்லை என்று ஊரே பாராட்டியது.

தவளை 'கொர்ர்' என்று கத்துமா, 'க்ராக்' என்று கத்துமா என்பதில் பெரிய தகராறு வந்து, சட்டை கிழிந்து, கடைசியில் 'கொர்ர்' ஜெயித்தது. கட்டைக் குரல்காரனான செங்கோடன்தான் தலைமைத் தவளை. அவன் என்ன கத்துகிறானோ அதையே மற்றவர்கள் ஒரு சொல் பிசகாமல் கத்த வேண்டும் என்று பேச்சு.

ஞாயிறு வந்தது, பச்சையாக. தவளைக்கு ஏற்ற நிறம்தான் என்று எல்லோரும் திருப்தியோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார்கள். தலையில் ஆகாயத்தாமரையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். உடம்பு மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிந்தது. சிந்தாமணியை நினைத்துக்கொண்டு செங்கோடன் பல்லைக் கடித்தான்.

அத்தப்பன் கரையில் வந்து நின்றார். "கொர்ர்!" என்றான் செங்கோடன். "கொர்ர்! கொர்ர்!" என்றது குளம் முழுக்க.

அத்தப்பனுக்கு முகமெல்லாம் பல். "அடேங்கப்பா, என்னா சத்தம்! ஆமா, மாப்ள எங்கீங்?"

"வேலையா இருக்காருங்," என்றார் ராக்கியண்ணன்.

"ஞாயித்துக்கிழமையுமா! உழைப்பாளிதான்." சொன்னவர் அப்படியே குனிந்தார். தவளை கத்துகிற தண்ணீர்தானே என்று இரு கையாலும் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனார்.

செங்கோடனுக்கு உயிரே போயிற்று. தாய்மாமன் செத்தால் தாலி எடுத்துக் கொடுப்பது யார்?

"மாமா, குடிச்சுராதீங்! கொடலு வெந்துரும்!"

பேச்சு பேச்சுதான். ஆகாயத்தாமரை ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் கிளம்பியது: "மாமா, குடிச்சுராதீங்! கொடலு வெந்துரும்! மாமா, குடிச்சுராதீங்! கொடலு வெந்துரும்!"

அத்தப்பன் கையிலிருந்த தண்ணீரை உதறினார். செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டான். போச்சு, கல்யாணம் போச்சு.

அத்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கூர்த் தவளையா இருந்தா, தண்ணி கெட்டா ஓடிப்போயிரும். உங்கூர்த் தவளை ஓடாம நின்னு, மொற வெச்சு மாமான்னு கூப்புட்டு, வாய் தொறந்து சொல்லுது! பொண்ணு குடுத்தா இந்த ஊருக்குத்தானுங் குடுக்கோணும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மொதல்ல கத்துச்சே, கட்டைக் குரலு, அதை எங்கூர்க் கெணத்துக்குக் குடுத்துருங்."

"எடுத்துட்டுப் போங்," என்றார் ராக்கியண்ணன் தாராளமாக.

செங்கோடன் யோசித்தான். நான் தவளை இல்லை என்றால் ஊரில் தவளையே இல்லை என்றாகும், கல்யாணம் நின்றுவிடும். தவளை என்றால் கல்யாணம் உறுதி. "கொர்ர்," என்றான்.

அவனை ஈரச் சாக்கில் கட்டி, டெம்போவில் ஏற்றி, பெண் வீட்டுக் கிணற்றில் பத்திரமாக இறக்கிவிட்டார்கள்.

முகூர்த்த நாளன்று பந்தல் நிறைந்திருந்தது. சிந்தாமணி மணவறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மண்டையம்பாளையமே வேன் பிடித்து வந்து முன் வரிசையில் இருந்தது. மாப்பிள்ளையை மட்டும் காணோம். ஐயர் அவசரப்படுத்தினார்.

அப்போது பந்தலுக்குப் பின்னால் இருந்த கிணற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "மாமா! நான் இங்கதானுங் இருக்கறேன்! தூக்கி உடுங்!"

அத்தப்பன் கையைக் காட்டி மேளத்தை நிறுத்தினார். காது குளிரக் கேட்டார். பிறகு சம்பந்திகள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? தவளை கத்துது. தண்ணி தங்கமாட்டம் இருக்குது, தைரியமா எல்லாரும் ஒரு டம்ளர் குடிங்," என்றார். "இந்த மாப்ளதான் எங்க போய்த் தொலைஞ்சாருன்னு தெரியலீங்."