கைதான கற்கள்

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை மீன் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவர் ஆண்டுவந்தார். அரண்மனைக்குள்ளேயே உப்புநீர்க் குளம் வெட்டி, வண்ண வண்ண மீன்களை விட்டிருந்தார். ராஜாவின் பிறந்தநாளுக்குப் பிரதானிகள் ஆளுக்கொரு பவளப்பாறைக் கல்லைக் குளத்தில் வைப்பது வழக்கம். குளத்துக்குக் காவல், விகடகவி குழைக்காதன். கோமாளிப் பயலுக்கு இவ்வளவு செல்வாக்கா என்று மந்திரி அரியநாயகத்துக்கு வயிறு எரிந்தது.

அந்த வருஷப் பிறந்தநாளுக்குப் பிறகு மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

“வெளியார் எவரும் வரவில்லை, பிரபு. வேலியே பயிரை மேய்கிறது!” என்று மந்திரி கோள்மூட்டினார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “குழைக்காதா! குளத்தில் இருப்பவர் யாராயினும் கைது செய்து, நாளைக் காலை என்முன் நிறுத்து. திருடனுக்கு நாடுகடத்தல்தான். அவன் அகப்படாவிட்டால் நீ குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடு!”

“ராஜா வீட்டு மீனு நமக்கெதுக்குன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேனே!” என்று மனைவி அழுதாள். குழைக்காதனோ பொழுது சாயும்வரை குளக்கரையில் குந்தியிருந்துவிட்டு வந்து, குறட்டைவிட்டுத் தூங்கினான்.

மறுநாள் குளத்தைச் சுற்றி ஈட்டிக்காரர்கள் நின்றார்கள்.

“மகாராஜா, குளத்தில் இருப்பவை இந்தக் கற்கள்தாம். எல்லாவற்றையும் கைது செய்துவிட்டேன். விசாரணைக்கு அவரவர் தந்த கல்லை அவரவரே கரையேற்றட்டும்.”

சபையே சிரித்தது. ராஜாவுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை வந்து தலையாட்டினார். பிரதானிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியில் பாசி படிந்த ஒரு கல் மட்டும் மிஞ்சியது. அது மந்திரி வைத்தது.

“எனக்கு இடுப்புப் பிடிப்பு,” என்றார் மந்திரி.

“அதனாலென்ன? மாப்பிள்ளை, மாமனார் கல்லை நீங்க தூக்குங்க,” என்றான் குழைக்காதன். மந்திரியின் மருமகன் குனிந்து கையை நீட்டினான்.

“ஐயையோ, தொடாதீங்க மாப்பிள்ளை! முதுகு முள்ளு குத்துனா உசிரே போயிடும்!” என்று மந்திரி அலறினார்.

“கல்லுக்கு ஏது முதுகு, மந்திரியாரே?”

அந்த நேரம் பார்த்து, கல் வாயைப் பிளந்து, பக்கத்தில் வந்த மஞ்சள் மீனை லபக்கென்று விழுங்கியது. பாறையோடு பாறையாகப் பதுங்கி இரை பிடிக்கும் கல்மீன் அது!

“நேற்று சாயங்காலமும் இப்படித்தான் வாயைத் திறந்தது, பிரபு,” என்றான் குழைக்காதன்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். “இன்னும் என்ன வேண்டும், கேள்!”

“திருடனுக்கு நாடுகடத்தல் என்றீர்கள். தனியாக அனுப்பினால் பாவம். கொண்டுவந்தவரும் கூடவே போகட்டும்.”

வலைபோட்டு மீனைப் பானைக்குள் விட்டார்கள். பானையை மந்திரியின் தலையில் ஏற்றினார்கள். தப்பித் தவறிப் பானை சாய்ந்தால் மீன் அவர் மேலேயே விழும். எல்லை வரைக்கும் அவர் அன்றைக்கு நடந்ததுபோல் ஆயுளில் ஒருநாளும் நேராக நடந்ததில்லை.