சிவப்புப் பொட்டு வைத்த கட்டை

ஒரு தெருவில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. அம்மன் கோயில் பஜனைக்காகத் தெருப் பெண்கள் சேர்ந்து வாங்கியது. அதை வாசிக்கக் கற்றுக்கொண்டவள் வேணி. 'ச' எது, 'ரி' எது என்று மறந்து மறந்து போகவே, ஏழு வெள்ளைக் கட்டைகளிலும் ஒட்டுப்பொட்டை ஒட்டி வைத்தாள். 'ச'வுக்கு மட்டும் பெரிய சிவப்புப் பொட்டு.

அன்றிலிருந்து 'ச'வைக் கையில் பிடிக்க முடியவில்லை. “என்னைத் தொட்டாத்தான் பாட்டே ஆரம்பிக்குது, பார்த்தீங்களா?” என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்டது.

'ம'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கட்டை. அதற்குப் பொட்டும் கிடையாது, பேரும் கிடையாது.

“ஏ கறுப்பு, யாரும் தொடாம நீ என்னதான் பண்றே?” என்று கேட்டது 'ச'.

“எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

“எதை?”

“யாருக்கும் யாருக்கும் நடுவே எத்தனை எட்டு தூரம்னு, கறுப்பு வெள்ளை எல்லாத்தையும் சேர்த்து. பொழுது போகணுமில்ல?”

கட்டைகள் எல்லாம் சிரித்தன. துருத்திகூட புஸ்ஸென்று காற்றை விட்டது.

ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. பாட்டை எடுத்துக் கொடுப்பது சொர்ணம் அக்கா. மூன்றாவது அடியில் குரல் மேலே போனதும் நிறுத்திவிட்டாள்.

“வேணி, இந்த ஒரு கட்டை சுருதி நமக்கு ஒத்து வரலை. கோழியைப் பிடிச்ச மாதிரி கத்த வேண்டியிருக்கு. கீழே அஞ்சு கட்டைக்கு இறக்கு.”

அஞ்சு கட்டை என்றால், சிவப்புப் பொட்டுக்குக் கீழே இதுவரை 'ப'வாக இருந்ததை 'ச' என்று வைத்து வாசிக்க வேண்டும். வேணிக்குத் தெரிந்ததெல்லாம் பொட்டுத்தான்.

“வரலேன்னா விடும்மா,” என்றாள் அக்கா. “செல்போன்ல மெட்டைப் போட்டுக்கிட்டுப் பாடிடுவோம். பெட்டி நாளைக்கு வீட்லயே இருக்கட்டும்.”

“ஒரு தடவை பாக்கறேன்க்கா.”

பெட்டிக்குள் ஒரே அமளி.

“'ப'தான் இனி 'ச'வா? அப்ப நான் யாரு?” என்றது சிவப்புப் பொட்டு. பழக்கத்தில் வேணி அதையே அழுத்தியதும் கோபத்தில் கீழே போனது, மேலே எழும்பவே இல்லை. பீ... என்று கத்திக்கொண்டே கிடந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“எழுந்திரு,” என்றது கறுப்பு. “நாளைக்குப் பெட்டியைப் பூட்டி வெச்சா, நீ எந்தப் பாட்டை ஆரம்பிப்பே?”

“பேரு போச்சே எனக்கு.”

“பேரு பொட்டுல இல்ல. 'ச'விலேர்ந்து 'ரி'க்கு ரெண்டு எட்டு. அங்கேர்ந்து 'க'வுக்கு ரெண்டு. 'க'விலேர்ந்து 'ம'வுக்கு ஒண்ணே ஒண்ணு. இந்தத் தூரம் மாறக் கூடாது. எங்கேர்ந்து கிளம்பினாலும் சரி. எண்ணிப் பாரு, நீ இப்ப யாரு?”

சிவப்புப் பொட்டு புது 'ச'விலிருந்து எண்ணியது. ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. தன் மேலேயே வந்து நின்றது.

“நான் 'ம'வா?”

“நீ இல்லாம அந்த மூணாவது அடி ஏறாது.”

டக்கென்று கட்டை எழும்பியது. சத்தம் நின்றது.

வேணி வெள்ளைக் கட்டைகளிலேயே புதுசாக வாசித்துப் பார்த்தாள். ஆறு சுரம் சரியாக வந்தது. ஏழாவதில், சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை. மறுபடியும் கல். அப்புறம் பழைய வரிசையைத் தொட்டுத் தொட்டு, நடுவில் எத்தனை கட்டை தாண்டுகிறாள் என்று விரலை மடக்கி எண்ணினாள். 'நி'யிலிருந்து மேல் 'ச'வுக்கு ஒரே எட்டு.

புது மேல் 'ச'வுக்கு ஒரு எட்டு கீழே கறுப்பு நின்றது.

முதல் முறையாக ஒரு விரல் அதன் மேல் இறங்கியது. “ஆங், அதான்,” என்றாள் சொர்ணம் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

“ஏய் 'நி',” என்று கூப்பிட்டது சிவப்புப் பொட்டு. “சத்தம் நல்லாத்தான் இருக்கு ஒனக்கு.”

“ஒரு எட்டு தள்ளி நிக்கத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.”

மறுநாள் கோயிலில் பெட்டியைத் திறந்தபோது எந்தக் கட்டையிலும் பொட்டு இல்லை. கட்டைகள் நிமிர்ந்து பார்த்தன. பெரிய சிவப்புப் பொட்டு வேணியின் நெற்றியில் இருந்தது.

“எத்தனை கட்டை வைக்கட்டும்க்கா?” என்று கேட்டாள் அவள்.