பதில் இல்லாமல் கிளம்பிய இரட்டையர்

ஒளித்துளிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு விண்மீனுக்கு இலங்கி, துலங்கி என்று இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். பிறந்த ஒளி ஓரிடத்தில் நிற்க முடியாது. ஒருத்தி கிழக்கேயும் ஒருத்தி மேற்கேயும் ஓடியாக வேண்டும்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த இருட்டுக்கு அவல் கிடைத்தது. பிரிந்து போகிறவர்களுக்குள் என்ன உறவு என்று வம்புக்கு வந்தது. வானத்தின் இரு கோடியிலும் அதற்கு வாசல் உண்டு. நிமிர்ந்து வந்தாயா, படுத்து வந்தாயா என்று இருவரையும் கேட்பேன், பதில் ஒத்துப்போகாவிட்டால் விழுங்கிவிடுவேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போயிற்று.

இருவரும் நிமிர்ந்தே போவோம் என்றாள் துலங்கி. அவள் கெட்டிக்காரிதான். ஆனால் இருட்டு லேசுப்பட்டதா? இவர்கள் கிளம்பிய பிறகு வாசல்களைக் கோணலாகச் சாய்த்துவிடும் என்றாள் தாய். நிமிர்ந்து போனவள் சாய்ந்த வாசலில் நிமிர்ந்தவளும் இல்லாமல் படுத்தவளும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக நிற்பாள். வாய்க்கு வந்ததைத்தான் சொல்வாள். ஆளனுப்பிக் கேட்கலாமென்றால் ஒளியை முந்தி ஓட யாருமில்லை.

இலங்கி தன்னைவிடத் தங்கையை நினைத்துத்தான் பயந்தாள்.

"நாம எந்தப் பதிலையும் கொண்டுபோக வேண்டாம் துலங்கி. கேக்கறப்போ பொறக்கட்டும். ஆளுக்கு ஒண்ணு வேண்டாம், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு போதும்."

"கேட்ட நிமிஷமே உங்க ரெண்டு பேரையும் சேர்த்த கட்டு அவிழ்ந்துடும். அப்புறம் நீ யாரோ, அவ யாரோ" என்றாள் தாய்.

"அவ இருந்தாப் போதும்மா."

இருவரும் தங்கள் நிமிர்வையும் சாய்வையும் கழற்றித் தாயின் மடியில் போட்டுவிட்டு ஓடினார்கள்.

இருட்டு இரண்டு வாசலையும் ஒரே கோணலில் சாய்த்து வைத்திருந்தது. கிழக்கே கேட்டதும், அதுவரை இல்லாத ஒரு பதில் இலங்கியின் வாயில் பிறந்தது. நிமிர்ந்து வந்தேன் என்றாள். மேற்கே துலங்கியும் அதையேதான் சொன்னாள். இருட்டு இரண்டு பதிலையும் சேகரித்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் யுகம் கழிந்தது. பிறகு வேறு இரட்டையரை, ஆளுக்கொரு கோணலில் வாசல் வைத்தும் சோதித்தது. அப்போதும் பதில்கள் ஒத்துப்போனது அதிகம். எவ்வளவு பேசிவைத்தாலும் அத்தனை ஒத்துப்போக முடியாது, இது உறவேதான் என்று கண்டு வாயை மூடிக்கொண்டது.

இலங்கிக்கு இதெல்லாம் தெரியாது. தங்கையை இருட்டு கேட்டுவிட்டதா, அவள் வாசலுக்காவது வந்து சேர்ந்தாளா என்று காத்திருந்து அழுதாள். துலங்கியிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

அன்று தொட்டுத்தான், ஒன்றாகப் பிறந்த ஒளித்துளிகள் எத்தனை தொலைவில் இருந்தாலும், வாசல்கள் ஒரே கோணலில் இருந்தால் ஒரே பதிலைச் சொல்கின்றன. ஒருத்தி சொல்லிவிட்டாள் என்பது மட்டும் மற்றவளுக்குத் தெரிவதே இல்லை.