மரக்காலுக்குள்ள ரெண்டு பலகை

ரூபா நோட்டுன்னு ஒண்ணு இல்லாத காலத்துல நடந்தது, கேளுங்க. அப்போ நெல்லுதான் பணம். சம்பளமும் நெல்லு, வரியும் நெல்லு, கடனும் நெல்லு.

செம்பியராயன்னு ஒரு ராசா. அவரு அரமணை கொடுக்கிறதும் வாங்குறதும் நெல்லு அளக்கிற ஒரே ஒரு மரக்காலாலதான். அதைக் காவல் காத்தவரு அம்பலவாணர். ராசாவே ஆனாலும் அவரைக் கேக்காம அதைத் தொடக்கூடாதுன்னு அந்த நாட்டு வழக்கம். முப்பது வருஷமா அவரு நேர்மையை ஊரே மெச்சும். அதுல அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ராசா யானைக் கொட்டாரம் கட்ட, வியாபாரிங்ககிட்ட பத்தாயிரம் கலம் நெல்லு கடன் வாங்கினாரு. யானைங்க வந்துச்சு, தின்னுச்சு. கெடுவும் வந்துச்சு. ராசா அம்பலவாணரைப் பக்கத்துல உக்கார வெச்சு, வெத்தல பாக்கு கொடுத்து, மரக்காலுக்குள்ள அடியில மெல்லிசா ஒரு பலகை போட்டா என்னன்னு கேட்டாரு. எல்லாம் நாட்டு நன்மைக்குத்தான்னாரு. ராசா பக்கத்துல உக்காந்த பூரிப்புல அம்பலவாணர் சரின்னு தலையாட்டி, தானே பலகையைப் போட்டாரு.

கடன் சுளுவா அடைஞ்சுது. வியாபாரிங்க வீட்டுல போய் அளந்து பாத்தாங்க, நெல்லு குறைஞ்சுது. ராசாகிட்ட சண்டை போட முடியுமா? அடுத்த கடனுக்கு வட்டியை ஏத்திட்டாங்க.

ஆனா வரி நெல்லும் அதே மரக்கால்லதானே வரும்? களஞ்சியம் பாதியில நின்னுச்சு. ராசா மறுபடி கடன் வாங்கினாரு, மறுபடி வெத்தல பாக்கு கொடுத்தாரு. ரெண்டாவது பலகையும் உள்ள போச்சு.

அம்பலவாணர் சம்பளத்தையும் அந்த மரக்காலாலதான் அளந்தாங்க. "ஏங்க, அதே பத்துக் கலம்தான் வருது, பானை ஏன் ரொம்ப மாட்டேங்குது?"ன்னு கேட்டா அவரு பொண்டாட்டி தெய்வானை. எலி தின்னிருக்கும்னாரு. அப்படிப் பாத்தா அந்த எலி அவரேதான்னு அவருக்கே தெரியும்.

மூணாவது வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு. விதைநெல்லு இல்ல. அடுத்த மழை விழுந்த வாரமே விதைக்கலேன்னா ஊரே பட்டினி. வியாபாரிங்கள்ல சாத்தப்பச் செட்டியார்கிட்ட மட்டும்தான் நெல்லு இருந்துச்சு. ராசா முன்கூட்டியே அம்பலவாணர்கிட்ட சொல்லி வெச்சாரு: அளவு சரியா இருக்குன்னு சபையில சொல்லு, நெல்லு கைக்கு வந்ததும் மூணாவது பலகை போட்டுக்கலாம்.

செட்டியார் சபைக்கு வந்தாரு. ராசாவைப் பாக்கல, காவல்காரரைப் பாத்தாரு.

"அம்பலவாணரே, இந்த மரக்கால் சரியான அளவுதானா?"

பொய் சொன்னா விதைநெல்லு வரும். அடுத்த வருஷம் ஒருத்தரும் ஒரு மணி கொடுக்க மாட்டாங்க. நிசம் சொன்னா நெல்லும் போகும், தலையும் போகும். அம்பலவாணர் உளியை எடுத்து, ரெண்டு பலகையையும் பேத்து, தரையில வெச்சாரு.

"போட்டது நான்தான் செட்டியாரே. முப்பது வருஷமா நேர்மையானவன்னு பேரு வாங்கினேன். அதுவரைக்கும் என்னைத் தப்பு பண்ணச் சொல்லி யாரும் கேக்கல, அவ்வளவுதான் விஷயம். கேட்டதும் ரெண்டு வெத்தலைக்கு மடங்கிட்டேன்."

ராசா முகம் கறுத்துப் போச்சு. செட்டியார் மட்டும் சிரிச்சாரு. நெல்லு தரேன், வட்டியையும் குறைக்கிறேன், ஆனா தலை போகும்னு தெரிஞ்சும் நிசம் சொன்ன இந்த மனுசனை வேலையை விட்டு எடுக்கக்கூடாது, நீங்களும் மரக்கால் பக்கம் வரக்கூடாதுன்னாரு. விதைக்கிற நாள் தாண்டிக்கிட்டிருந்துச்சு. ராசா ஒத்துக்கிட்டாரு.

ஒத்துக்கிட்டாரே தவிர, கதிர் முத்துறதுக்குள்ள அரமணையிலேருந்து அம்பலவாணர்கிட்ட ஆள் வந்துச்சு. ஒரே ஒரு பலகை, ரொம்ப மெல்லிசா, போட்டுக்கலாமான்னு ராசா கேக்குறாராம்.

அம்பலவாணர் முடியாதுன்னாரு. சொன்னதும் கால் ரெண்டும் வெடவெடன்னு நடுங்க, அப்படியே உக்காந்துட்டாரு. எழுந்திருக்க வெகுநேரம் ஆச்சு. வழியில போனவங்க, மனுசன் பாறை மாதிரி அசையாம உக்காந்திருக்காருன்னு மெச்சிக்கிட்டுப் போனாங்க.

இந்தக் கதை சொல்ற நீதி இதுதான்: கடன் வாங்கினவன் கையில அளவையும் கொடுக்கக்கூடாது, அளவைக் காக்கிறவன் முடியாதுங்கிறதை முதல் தடவையே சொல்லிடணும்.