பக்கத்தில் உட்கார்ந்த முதலாளி

தன் செஸ் மெஷின் எல்லோரையும் தோற்கடித்ததில் முதலாளி தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. "இதுகிட்ட தோத்தா செஸ்ஸையே விட்டுடணும், சம்மதமா?" என்று தூத்துக்குடி கிராண்ட்மாஸ்டர் பெனிட்டாவைச் சீண்டினார்.

"சம்மதம் சார். ஆனா மெஷினை நீங்களேதான் பக்கத்துல உட்கார்ந்து இயக்கணும்."

அவருக்கு உச்சி குளிர்ந்தது.

பெனிட்டா பலகையைத் தொடவில்லை. போட்டி நாள்வரை தணிகாசலத்தின் டிவி பேட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தில் சிப்பாய்களை நெருக்கி வைத்து வழியெல்லாம் அடைத்தாள். மெஷின் பொறுமையாகக் காய்களை அங்குமிங்கும் நகர்த்தியது. அவளும் அப்படியே செய்தாள். கூட்டம் கொட்டாவி விட்டது.

"டிரா பண்ணிக்கலாமா, சார்?"

"டிராவா? என் மெஷினா?" தணிகாசலம் ஆவேசமாக செட்டிங்கை மாற்றி, அடித்து ஆடச் சொன்னார். மெஷின் தன் அரணைத் தானே உடைத்துக்கொண்டு வந்து தோற்றது.

"எப்படிம்மா?"

"மெஷினுக்கு ரோஷம் வராது சார். அதான் உங்களை உட்காரச் சொன்னேன்."