இரண்டு பேச்சியம்மாள்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. இருந்தாலும் கம்ப்யூட்டர் விஷயத்தில் டாக்டர் அம்பலவாணனுக்கு தஸ்லீமா சொல்வதுதான் வேதம். "டீச்சரம்மா" என்றே கூப்பிடுவார்.

மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் சிதறிக் கிடந்த நோயாளிகளின் விவரங்களை ஒரே கம்ப்யூட்டரில் சேர்க்கும் வேலை டாக்டருடையது. சேர்த்துவிட்டால் எங்கே போனாலும் பழைய வைத்தியம் திரையில் தெரியும், ஆராய்ச்சிக்கும் உதவும். ஒரே ஆள் நாலு இடத்தில் பதிந்திருந்தால் நாலையும் ஒன்றாக்க வேண்டும். மனிதர் மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார். தலைகால் புரியவில்லை அவருக்கு.

"பதினோராயிரம் பேரைச் சேர்த்துட்டேன் டீச்சரம்மா!"

"ஒரே ஆள்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பேரு, அப்பா பேரு, ஊரு, பிறந்த தேதி. நாலும் ஒத்துப்போனா வேற என்ன சாட்சி வேணும்?"

தஸ்லீமா திரையை மெல்ல உருட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பேச்சியம்மாள் இன்னைக்குக் காலையில ரெண்டு டோக்கன் வாங்கியிருக்காங்க."

"மறந்துபோய் வாங்கியிருப்பாங்க."

"வெளியே நோயாளிங்க காத்திருக்கிற ஹால்ல போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

இதென்ன விளையாட்டு என்று முணுமுணுத்தபடி போனார் டாக்டர்.

"கீழச்சுனை சுடலைமுத்து மகள் பேச்சியம்மாள்!"

இரண்டு பெண்கள் எழுந்தார்கள்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ரெண்டு பேருமா? பிறந்த தேதி என்ன?"

"ஜூன் ஒண்ணு," என்றாள் மெலிந்தவள்.

"எனக்கும் அதான் ஐயா," என்று சிரித்தாள் மற்றவள். "எங்க ஹெட்மாஸ்டர் வகுப்புல எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தேதிதான் போடுவாரு. ஊர்ல பேச்சியம்மன் கோயிலு. தெருவுக்கு ரெண்டு பேச்சியம்மா இருக்கோம். சுடலைமுத்துக்கும் பஞ்சமில்ல."

மெலிந்தவள் கையில் ஊசி போடும் அறைக்கான சீட்டு இருந்தது. பென்சிலின். கீழே அம்பலவாணனின் கையெழுத்து. காலையில் திரையில் 'ஒவ்வாமை இல்லை' என்று பார்த்துவிட்டு அவர்தான் எழுதிக்கொடுத்தார்.

"அம்மா, ஊசி ஏதும் உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

"ஒரு தடவை மூச்சே நின்னுபோச்சு ஐயா. எந்த ஊசின்னு எனக்கென்ன தெரியும்? நோட்டுல சிவப்பு மையில எழுதித் தந்தாவ. இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, நோட்டு வேண்டாம்னு வாங்கிக்கிட்டாவ."

டாக்டர் சீட்டைப் பிடுங்கிக் கிழித்தார். இவள் பதிவில் 'பென்சிலின் ஆகாது' என்று இருந்திருக்கிறது, மற்றவள் பதிவில் 'ஒவ்வாமை இல்லை' என்று. முரண்பட்டால் புதியதை மட்டும் வைத்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் இந்தப் பெண்ணைத் தன் கையெழுத்தாலேயே கொன்றிருப்பார்.

தஸ்லீமா பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"வேண்டாம் டீச்சரம்மா." டாக்டர் கிழித்த துண்டுகளைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். "இந்தக் கம்ப்யூட்டர் சங்காத்தமே வேண்டாம். மூடிடலாம்."

"அது என்ன பாவம் பண்ணுச்சு டாக்டர்? 'இந்த ரெண்டும் ஒரே ஆளா?'ன்னு ஒவ்வொரு பேருக்கும் உங்ககிட்ட கேட்டுச்சு. நீங்க மொத்தத்துக்கும் ஒரே தடவையா 'ஆமா'ன்னு அழுத்திட்டீங்க. இவங்களை யாரும் கேட்கல."