கட்டங்கட்டமாய் வந்த மெட்டு

ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக்காரர்களுக்கு நோட்ஸ், அதாவது இசைக்குறிப்புகள், அச்சடித்துக் கொடுப்பவள் ரெஜினா. ஒருநாள் இசையமைப்பாளர் கார்வண்ணன் அவள்மேல் பாய்ந்தார்.

“என் லேப்டாப்பில் நோட்ஸெல்லாம் கட்டங்கட்டமாத் தெரியுது. நீதான் கெடுத்திருப்பே! உடனே சரிபண்ணு. ஆனா திரையைப் பார்க்காதே, மெட்டைத் திருடிடுவே.”

ரெஜினாவுக்கும் சந்தேகம் தட்டியது. எழுதப் பயன்படுத்திய ஃபான்ட், அதாவது எழுத்துரு, இல்லாத கணினியில்தான் நோட்ஸ் கட்டமாகத் தெரியும். அவரே எழுதிய மெட்டென்றால், அது அவர் லேப்டாப்பில் இல்லாமல் போகுமா?

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “சரிங்க சார். ஃபைல் விவரத்தைத் திறந்து, ஒரு வரி விடாம சத்தமாப் படிங்க.”

“ஃபைல் பெயர், தேதி, உருவாக்கியவர் தேவசகாயம்...” வேகமாகப் படித்தவர் சட்டென்று வாயை மூடினார்.

பின்வரிசையில் வயலின்காரர் தேவசகாயம் எழுந்தார். “நான் கொடுத்தப்போ இந்த மெட்டு தேறாதுன்னு சொன்னீங்களே சார்?”

கூடமே கார்வண்ணனைப் பார்த்தது.

“ஃபான்ட் அவர்கிட்டதான் இருக்கும், கேட்டு வாங்கிக்குங்க சார்,” என்றாள் ரெஜினா, திரும்பாமலே.